மயிலத்துக் குரங்கு சாட்சியாக

மயிலம் முருகன் மேல் ஆணையாக, நீங்கள் ஒருவரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். நான் சொல்லி இதுவரை நம்பியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விழுப்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கஸ்தூரி பேசினாள். “அண்ணே, எங்க அண்ணன் காலையில பூடுச்சுண்ணே. காபி குட்சிட்டு அப்படியே சாஞ்சிச்சு.” அவளுடைய அண்ணன் என்றால் திண்டிவனம் ரேடியோ செட் தட்சிணாமூர்த்தி. கையில் இருந்த மல்லாட்டையை உரிப்பதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டி நின்றபோது, பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து கெட்டிமேளம் கேட்டது. பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

மௌனமாகவே உபதேசம் செய்த தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு மூன்று தாலுகாவைச் செவிடாக்கியவர் அவர். அவர் திண்டிவனத்தில் ஸ்பீக்கர் கட்டினால் பெருமுக்கல் மலையில் பாறை உருளும்; மரக்காணத்தில் மீன்கள் தாமாகவே கரைக்கு வந்து, “கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லுங்க” என்று கும்பிடும். நான் அவருக்குக் கூட்டாளி. மரம் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டுவது நான். கீழே பாட்டுப் போடுவது அவர். “சத்தம் யார் வேணா வெக்கலாம்டா. எந்த வூட்ல எந்தப் பாட்டுன்னு தெரியணும். அதான் தொழிலு” என்பார்.

அது தெரிவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுவது போல, கல்யாண கேசட்டுகளின் மூலையிலும் மஞ்சள் தடவி வைப்பார். மஞ்சள் இல்லாதது சாவு வீட்டுக்கு. இரண்டும் ஒரே தகரப் பெட்டியில் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்து இருக்கும். ஒரு நாளும் மாறியதில்லை.

அவர் தங்கை கஸ்தூரிக்கு மயிலம் மலையடிவாரத்தில் கல்யாணம். விக்கிரவாண்டி மாப்பிள்ளை, பெயர் ஏழுமலை. நம் வீட்டுக் கல்யாணம் ஆயிற்றே, எல்லாம் பளபளவென்று இருக்கட்டும் என்று, விடியற்காலையில் தகரப் பெட்டியைத் திறந்து, என் தோளில் கிடந்த புது வெள்ளைத் துண்டை நனைத்து, அத்தனை கேசட்டையும் அழுந்தத் துடைத்து அடுக்கினேன். இப்படி ஒரு சுத்தக்காரன் தென்னாற்காடு ஜில்லாவிலேயே பிறந்ததில்லை என்று எனக்கு நானே பட்டமும் கொடுத்துக்கொண்டேன்.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அண்ணன் பந்தி பார்க்கப் போனார். “ஒண்ண எட்த்துப் போடுடா, ஜல்தி” என்றார். போட்டேன். நான்கு குழாயிலும் ஒப்பாரி கிளம்பியது.

மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையிலேயே எழுந்து நின்றுவிட்டார். “இன்னாய்யா இது? பொண்ணு வூட்டுக்காரனுங்க தாலி கட்டச் சொல்றீங்களா, பாடை கட்டச் சொல்றீங்களா? எவன்டா பாட்டுப் போட்டவன்?” பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கஸ்தூரி மணையில் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார்.

“இன்னாடா பண்ண?”

“கொரங்குண்ணே. கொரங்கு வந்து கேசட்ட மாத்திட்ச்சு.”

என்னை ஒரு கணம் பார்த்தார். “கொரங்கா? எவ்ளோ பெர்சு?”

“பெர்சுண்ணே.”

“சரி, துண்ட குடு. வேர்க்குது.”

துண்டை வாங்கிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். “என் கைதாங்க தப்பு. அடிக்கறதுன்னா என்னை அடிங்க” என்றார். பிறகு நாதஸ்வரக்காரர்கள் பக்கம் திரும்பி, “கெட்டிமேளத்த எதுக்கு வெச்சாங்க? அபசகுனம் காதுல வுழக் கூடாதுன்னுதானே? வுழுந்தத வெளிய தள்ளுங்கய்யா!” என்று கத்தினார். அவர்கள் அடித்த அடியில் செஞ்சிக் கோட்டையில் மூன்று கல் பெயர்ந்ததாகக் கேள்வி. முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். தாலி ஏறியது. துண்டை நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

அதன் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும், நாலு பேருக்கு நடுவில் அண்ணன் அதையே கேட்பார்: “அந்தக் கொரங்கு எவ்ளோ பெர்சுடா?” நானும் வருடத்துக்கு ஒரு முழம் ஏற்றிச் சொல்வேன். கடைசியாகப் பொங்கலுக்குப் பார்த்தபோது அது மலைக்கோயில் கோபுரத்தில் சாய்ந்து முதுகு சொறிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. என் தப்பை அவர் தலையில் ஏற்றியவன் நான். சொல்லிவிட வேண்டும், அடுத்த முறை சொல்லிவிட வேண்டும் என்றே முப்பது வருடம் ஓடிவிட்டது. இனி அடுத்த முறை கிடையாது. பஸ்ஸில் காதைப் பொத்தியது அதனால்தான்.

காரியம் முடிந்த அன்று கஸ்தூரியிடமும் ஏழுமலையிடமும் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். “கொரங்கு இல்லம்மா. நான்தான். மஞ்சளத் தொடச்சுட்டேன். அண்ணனுக்குத் தெரியாமலே போச்சு.”

கஸ்தூரி ஏழுமலையைப் பார்த்தாள். எழுந்து போய் அந்தப் பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துத் திறந்தாள். கேசட்டுகளின் மேல் மடித்தபடி என் துண்டு. வெள்ளைத் துணியில் அங்கங்கே கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள் கறை.

“நீ மஞ்சளத் தொட்ச்ச துண்ட தோள்ல போட்டுக்கினே நின்னுக்கினு இருந்தியாம். மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா உன்ன உரிச்சிருப்பாங்கன்னு அண்ணன் புட்ங்கிக்கிச்சு. அன்னிக்கு சாயங்காலமே எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிச்சு.”

“அப்புறம் ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

ஏழுமலை சிரித்தார். “கேட்டுக்கினுதானே இருந்தாரு, வருசா வருசம்? ‘சொல்லிட்டான்னா நல்ல கதை ஒண்ணு பூடும் மாப்ள’ன்னுவாரு. எங்களையும் வாயத் தொறக்க வுடல.”

நான் அழுதேனா சிரித்தேனா என்று அங்கிருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். முப்பது வருடமாகத் தோளில் உட்கார்ந்திருந்த குரங்கு இறங்கிப் போனது. திரும்பும் பஸ்ஸில், சாவுக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே சட்டையின் பையில் கைவிட்டேன். அன்றைக்குப் போட்ட மல்லாட்டை அப்படியே இருந்தது. உரித்துத் தின்றேன். தொண்டையில் இறங்கியது.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துண்டு. துவைக்கப் போவதில்லை. இனி யார் புளுகினாலும் “எவ்ளோ பெர்சு?” என்று மட்டும் கேட்பதாகவும் இருக்கிறேன்.

செஞ்சிக் கல், மரக்காணத்து மீன் எல்லாம் என் சரக்கு. ஆனால் ஒன்று. அன்று விடியற்காலையில் குரங்கு வந்தது நிஜம். சின்னக் குரங்குதான். எதையும் தொடவில்லை. நான் மஞ்சளைத் துடைத்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.