மாமா எந்த மாவட்டத்தில் செத்தார்? கம்பத்திலிருந்து நெடுங்கண்டம் வரை

இந்தப் பக்கத்தில் இதுவரை அருவி, ஏலத்தோட்டம், மூடுபனி என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அக்காவின் கணவர், எங்கள் மாமா, போன வருஷம் ஐப்பசியில் இறந்துபோனார். அவருடைய இறப்புச் சான்றிதழுக்காகத்தான் போன புதன்கிழமை நானும் அக்காவும் மலையேறினோம்.

சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்று கிடையாது. வாரிசுச் சான்று இல்லாமல் மாமா பேரில் இருக்கும் வீட்டை அக்கா பேருக்கு மாற்ற முடியாது. மாமாவின் அண்ணன் இப்போதே முன்னறையில் உர மூட்டைகளை அடுக்கிவிட்டார். தம்பி செத்ததற்குத் தாள் இருக்கிறதா என்று அக்காவிடமே கேட்கிறார். பாடைக்குத் தோள் கொடுத்த மனிதர் அவர்.

முதலில் உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் அக்காவை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"எங்கன இறந்தாக?"

"உடும்பன்சோலைப் பக்கம், ஏலத்தோட்டத்துல."

"அப்ப அது இடுக்கி மாவட்டம்மா. உசுரு எங்கன போச்சோ அங்கனதான் பதியணும். தேனியில ஒண்ணும் செய்ய முடியாது."

புதன்கிழமை காலை 6.20க்குக் கம்பத்தில் ஜீப் ஏறினோம். தலைக்கு எழுபது ரூபாய். கேரள எல்லையான கம்பம் மெட்டு வரை 14 கி.மீ., முழுக்க வளைவுகள். குமட்டல் வருகிறவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களோடு தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஒன்பது பேர், மடியில் தூக்குவாளியோடு. மெட்டில் கடைப்பலகைகளின் எழுத்து மாறிவிடும். சோதனைச்சாவடியைத் தாண்டும்போது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

மெட்டிலிருந்து நெடுங்கண்டத்துக்கு பஸ், 17 கி.மீ., முப்பது ரூபாய். ஊராட்சி அலுவலகத்தில் 10.15க்கு ஆள் வந்தார். நல்ல மனிதர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். "சேச்சி, இவிட மரிச்சதுன்னு யாராவது எழுதித் தரணும். தோட்டத்துலேர்ந்து லெட்டர் கொண்டுவாங்க, மத்ததை நான் பார்க்கிறேன்."

அக்கா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. தோட்டத்துக்கு ஆட்டோவில் 6 கி.மீ., நூற்றைம்பது ரூபாய்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமா இறந்த அன்று, தோட்டத்தில் வேலையில் இருந்த அவருக்கு நெஞ்சு வலி என்று போன் வந்ததும் நானும் அக்காவும் ஜீப் பிடித்துப் போனோம். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. பிணம் என்று சொன்னால் போலீஸ், அறுப்பு, இரண்டு நாள் அலைச்சல் என்று தோட்டத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. மாமாவுக்குச் சட்டை மாற்றி, தலையில் துண்டு கட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தோம். சாவடியில் விளக்கடித்துப் பார்த்தவரிடம், "காய்ச்சல், அசந்து தூங்குறாரு" என்றேன். "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று அவர் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

தோட்ட மேற்பார்வையாளர் கூடலூர்க்காரர். ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்து வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"அவரு ஜீப்புல உக்காந்துதானப்பா போனாரு. அங்கன நின்ன அத்தன பேரும் பாத்தாக. தோட்டத்துல செத்தாருன்னு நான் எப்புடி எழுதுறது?"

"அண்ணே, தலையில துண்டக் கட்டிவிட்டதே நீங்கதானண்ணே" என்றாள் அக்கா.

அவர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு ஆத்தா. செத்தாருன்னு எழுதுனா, ஏன் அன்னைக்கே சொல்லலன்னு மொதலாளி எம்மேலதான் பாய்வாரு."

அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்ன பொய்யை ஊர் முழுக்க நம்பவைத்தவர்களே நாங்கள்தான்.

மாலை 4.40க்கு மறுபடி மெட்டுக்கு வந்துவிட்டோம். "தேனியில சாகல, இடுக்கியிலயும் சாகல. அப்ப உங்க மாமா எங்கனதான்டா செத்தாரு?" என்று அக்கா கேட்டாள். வேறு யாரைப் போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் நம்பிக்கை இல்லை.

இந்த வழியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: நெடுங்கண்டத்துக்குப் போக வர ஆளுக்கு இருநூறு ரூபாய் போதும், ஆட்டோ தனி. ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது தவறிப்போனால் அங்கேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் ஆனால் ஆகட்டும், அறுத்தால் அறுக்கட்டும். அழ வேண்டியவர்களை அங்கேயே அழவிடுங்கள். தோட்டத்திலிருந்து மெட்டுச் சாவடி வரை இருபத்து மூன்று கிலோமீட்டர். அன்று மாமாவின் தலை தோளில் கிடக்க, அவ்வளவு தூரமும் அக்கா அழாமல் வந்தாள். அழாதே என்று அதட்டியது நான்தான்.