ரானுயி கொட்டகை ஆர்கனும் கிரேஸ் அக்காவும்

ஆக்லாந்தின் கிளென்ஃபீல்ட் மாலில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குச் சாமுவேல் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "கிரேஸ் போயிட்டா, தம்பி. தூக்கத்துலயே" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

அவருடைய மனைவி கிரேஸ் அக்கா ஈப்போவில் பிறந்தவர்; தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். ஆக்லாந்தில் நர்ஸாக இருந்தார். ஊமைப்பட காலத்தில் இங்கே ஒரு திரையரங்கில் படங்களுக்கு இசை தந்த பெரிய ஆர்கன், அரங்கை இடித்த பிறகு ரானுயி புறநகரில் ஒரு கொட்டகையில் எலி கடித்துக் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை மீட்க ஒரு குழு கிளம்பியது. அக்கா சேர்ந்தார், பக்கத்து வீட்டில் குடியிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு குழலுக்கும் காற்றைத் திறந்துவிடும் சிறிய தோற்பை உண்டு. எல்லாம் மக்கிப்போயிருந்தன. விடுமுறை நாட்களிலெல்லாம் அக்கா பழைய தோலைச் சுரண்டிப் புதியதை வெட்டி ஒட்டினார். குழுத் தலைவர் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். பெரிய குழல் முதன்முதலாக ஒலித்தபோது தகரக்கூரை அதிர்ந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

அரங்கேற்றத்தன்று தலைவர் மேடையில் ஒவ்வோர் ஆணின் பெயரையும் சொல்லி நன்றி கூறினார். கடைசியில், தேநீர் தந்த பெண்களுக்கும் நன்றி என்றார். அக்கா ஒருநாளும் அங்கே தேநீர் போட்டதில்லை.

இரண்டாவது பாட்டின்போது ஒரு குழல் நிற்காமல் ஊளையிட்டது. தலைவர் எங்கள் வரிசைக்கு ஓடிவந்து, சரிசெய்யும்படி அக்காவிடம் கிசுகிசுத்தார். தோல்வேலை யார் செய்தது என்று முதலில் மைக்கில் சொல்லுங்கள் என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு இதுவா நேரம் என்றார் அவர்.

அக்கா என் பக்கம் திரும்பி, தன் ஈப்போப் பேச்சில் சொன்னார். "எழுந்திரிக்காத தம்பி. கத்தட்டும் லா."

நாங்கள் எழவில்லை. கச்சேரி பாதியில் நின்றது. மறுவாரம் கொட்டகையின் பூட்டை மாற்றிவிட்டார்கள். அந்த ஆர்கனைத் தொட அக்காவை யாரும் திரும்ப அழைக்கவே இல்லை. வேறு யாரோ சரிசெய்து, இன்றும் வாசிக்கிறார்கள்.

இறந்த செய்தி பரவியதும் தலைவர் அண்ணனை அழைத்து, அக்கா நினைவாக ஒரு கச்சேரி வைக்கலாம் என்றாராம். என்ன சொல்லட்டும் என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. உயிரோட இருக்கேக்க செய்யாததை இப்ப ஏன் செய்யினம்?" என்றேன். அண்ணன் அப்படியே சொல்லிவிட்டார்.

நேற்று மழையில் அடக்கம் நடந்தது. வாத்தியம் எதுவுமில்லாமல், குடைகளுக்குக் கீழே ஆளுக்கொரு சுதியில் பாடினோம். நிம்மதியாக இளைப்பாறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. கோபத்தோடேயே போய் வாருங்கள், அக்கா.