நனைந்த வடகம்

மதுரையிலிருந்து கடல் தாண்டி புக்கிட் காத்திலுக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே, வெயிலை நம்பிக் கூழ்வடகம் பிழிந்தேன். அன்று காலை வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊரில் அப்படி அடித்தால் சாயங்காலம் வரைக்கும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வாசலில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். மத்தியானம் கொட்டிய மழையில் வடகம் மறுபடி கூழாகிச் சாக்கடையில் ஓடியது.

பக்கத்து வீட்டு அக்கா தன் கார் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டிக்கொண்டு வந்தபோதே அங்கேதான் இருந்ததாக அவரே சொன்னார். "இங்க மத்தியானமானா மழை வரும்லா. ஊர்லேருந்து வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நான் மறக்கவில்லை. போன வாரம் அவர் கொடி நிறையப் போர்வைகளைக் காயப்போட்டுவிட்டுத் தூங்கிப்போனார். பக்கத்து ஊரான டுரியான் துங்கால் திசையில் வானம் கறுத்தது. நான் தேநீர் போட்டு எடுத்துவந்து வாசலில் உட்கார்ந்தேன். கடைசிப் போர்வையும் சொட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் வெளியே வந்து பார்த்தார். முகம் வாடவே இல்லை. "மழைத் தண்ணிதானே, நாளைக்குக் காஞ்சிடும்லா" என்றார். எனக்குத் தேநீர் கசந்தது. போர்வை மறுபடி காயும், வடகம் காயுமா?

உள்ளே போகத் திரும்பியவர், அடுத்த வாரம் மோர்மிளகாய் காயப்போடப் போவதாகச் சொன்னார்.

"போடுங்கக்கா," என்றேன். "நான் வீட்டுலதான் இருப்பேன்."