போராட்டங்களுக்குப் பதாகை அடிக்கிறவன்

உலகத்தில எந்த மூலையில சனம் கொதிச்சாலும், ரெண்டே நாளில அந்தக் கொதிப்பு நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில, அஜின்கோர்ட்டில இருக்கிற என்ரை அச்சுக்கடைக்கு வந்திடும், "நாளைக்குக் காலமை வேணும்" எண்டபடி. பதாகை, சுலோக அட்டை, துண்டுப்பிரசுரம் எல்லாம் அடிக்கிறன். என்னைப்போலக் கடைக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு சீவிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாறவைக்கு உலகத்தை மாத்தவேணும், உடனை மாத்தவேணும், ஆனால் எழுத்துப்பிழை பாக்க மட்டும் நேரமில்லை.

எனக்கும் இதில ஒரு சுயநலம் கிடக்கு, ஒளிக்கேல்லை. ஊரில சண்டை முடிஞ்ச கிழமை என்ரை தம்பியை விசாரிக்கவெண்டு ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். இறக்கினதைக் கண்ட ஆக்கள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் காணாமல் போனவையின்ரை படங்களோட இஞ்சை ஒரு பெரிய பதாகை கட்டுவினம். அதில அவன்ரை முகம் நிக்கவேணும். அதுக்காகவே அந்த ஓடரை நான் வேறை கடைக்குப் போக விடுறேல்லை.

வருஷம் வேண்டாம்

பட்டணத்தின்ரை மற்றப் பக்கம், பார்க்டேலில இருந்து ஒரு திபெத்துக்காரர் வருவார். அறுபது தாண்டியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் குளிர் முடியமுந்தி வந்து, தங்கட விடுதலை ஊர்வலத்துக்கு அதே சுலோகம், அதே அளவு, அதே நிறம் எண்டு சொல்லிப்போட்டுக் கதிரையில இருந்திடுவார். ரெண்டு பேரும் உடைஞ்ச இங்கிலீசில கதைப்பம். நாடு இல்லாதவைக்கு அது காணும்.

ஒருக்கால் நான் பெரிய மனுசன் மாதிரிப் புத்தி சொன்னன். கீழை வருஷத்தைப் போட்டால், பேப்பர்காரர் படம் எடுக்கேக்கை நல்லாயிருக்கும் எண்டன். அவர் அட்டையைக் கையால தடவிப் பாத்தார். பேந்து கோபமில்லாமல், ஏதோ மழை வரும் எண்டு சொல்லுறவர் மாதிரிச் சொன்னார்: "வேண்டாம் நண்பர். அடுத்த வருஷமும் இதைத்தான் பிடிக்கப்போறம்."

ஒற்றுமையின்ரை உயரம்

எங்கட சனத்தின்ரை கதை வேறை. நினைவுநாள் ஒண்டு, செத்தவையும் அதே ஆக்கள், ஆனால் கூட்டம் ரெண்டு. கூட்டம் வைக்க ரெண்டு ஹோல், ஒரே நேரம். ரெண்டு பகுதியும் என்னட்டைத்தான் வருவினம். என்னிலை உள்ள அன்பு எண்டு நினைக்காதேங்கோ, மற்றவை என்ன அடிக்கினம் எண்டு பாக்கலாம், அதுதான்.

அண்டைக்கு ஒரு பகுதியின்ரை பதாகையை மை காயவெண்டு சுவரில தொங்கவிட்டிருந்தன். மற்றப் பகுதியின்ரை செயலாளர் உள்ளுக்கு வந்தார், வணக்கம்கூடச் சொல்லேல்லை, கண் நேரா அங்கைதான் போச்சு. ரெண்டிலும் தலைப்பு "ஒற்றுமையே எங்கள் பலம்". நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேக்கேல்லை. "அண்ணை, ரெண்டும் ஒண்டுதானே, ஒரு ஹோலையும் ஒரு பதாகையையும் பாவிச்சால் என்ன?" எண்டன். மனுசன் என்ரை கையில இருந்த அளவுநாடாவைப் பறிச்சு, சுவரில இருந்த எழுத்தை அளந்துபோட்டுச் சொன்னார்: "எங்கட ஒற்றுமை அவையின்ரையிலும் பாக்க ஒரு அடி உயரமா இருக்கவேணும்."

வடிவாய் இருக்கக்கூடாது

வாடகை கூட்டினதுக்கு எதிரான ஊர்வலத்துக்கு அட்டை அடிக்க ஒரு பெட்டை வந்தவள். இஞ்சை பிறந்தவள், யூனிவேசிற்றியில படிக்கிறாள். நல்ல பிள்ளை, உறைபனிக்கை நிண்டு நோட்டீஸ் குடுக்கிறவள். நான் எழுத்துகளை நேரா அடுக்கி, நிறம் பொருத்தி, கொம்பியூற்றரில காட்டினன். அவளின்ரை மூஞ்சை சுருங்கிப்போச்சு. "ரூ நீற் அங்கிள், வடிவு கூடிப்போச்சு. கோபத்தில எழுதின மாதிரி வேணும்" எண்டாள்.

என்ரை தம்பி பள்ளிக்கூடத்தில படிக்கேக்கை, பழைய சைக்கிள் ரியூப்பை எரிச்சு, அந்தக் கரியை மண்ணெண்ணெயில குழைச்சுச் சுவரில சுலோகம் எழுதினவன். கோணலாத்தான் எழுதினான், ஏனெண்டால் பின்னால ஆர் வருகினம் எண்டு பாத்துப் பாத்து எழுதினது. இதைச் சொன்னால் அங்கிள் அறுக்கிறார் எண்டு நினைப்பாள். எழுத்துகளைக் கோணலாய்ச் சரிச்சன், மை வழியிற மாதிரிச் செய்தன். அவள் துள்ளிக் குதிச்சாள்: "பேர்ஃபெக்ற் அங்கிள்! இப்பதான் உண்மையா நாங்களே எழுதின மாதிரிக் கிடக்கு."

கீழ் வரிசை

காணாமல் போனவையின்ரை பதாகைக்குப் போனமுறை ஓடர் தந்தவர் அந்தக் குழுவின்ரை தலைவர். ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வித்துக்குடுக்கிறவர். படங்கள் ஏழு வரிசை, அதுக்கு அடியில காசு தந்த உபயகாரரின்ரை படங்கள். கடைசி நேரத்தில ரெண்டு உபயகாரர் கூடிப்போச்சினம். கோட்டும் சூட்டும், முப்பத்திரண்டு பல்லும் தெரியிற சிரிப்புமாய்ப் பெரிய பெரிய படங்கள். "கீழ் வரிசையை எடுத்துவிடுங்கோ அண்ணை, மங்கல் படங்கள்தானே" எண்டார் தலைவர்.

கீழ் வரிசையில நிண்ட பத்துப் பேரில ஒருத்தன்தான் என்ரை தம்பி. பள்ளிக்கூடக் குறூப் போட்டோவில இருந்து வெட்டியெடுத்த படம், மங்கல்தான். அவன் என்ரை தம்பி எண்டு சொன்னன். அவர் என்ரை தோளில கை வைச்சார். "அட, இதை முதலே சொல்லுறதுக்கென்ன? உங்கட தம்பியை மேலை ஏத்துங்கோ, மற்றதுகளை எடுங்கோ."

நெருக்கிப் பிடிச்சால் மேல் வரிசையில ஒரு இடம் வரும். ஒண்டே ஒண்டு. ஓடரைத் திருப்பிக் குடுத்திருக்கலாம். தலைவரை வெளியில போ எண்டு கத்தியிருக்கலாம். நான் தம்பியை மேலை ஏத்திப்போட்டு, மிச்சம் ஒம்பது முகங்களையும் ஒண்டாத் தெரிவுசெய்து அழிக்கிற பொத்தானை அமத்தினன். என்ரை தம்பி நிக்கவேணும், அந்த நேரம் மண்டையில வேறை ஒண்டும் இல்லை.

ஹோலில பதாகையை நானே கட்டினன். தம்பி வடிவாய் நிண்டான். மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருத்தி, கையில செபமாலையோட, ஒவ்வொரு வருஷமும் கீழ் வரிசைக்கு முன்னால குனிஞ்சு தன்ரை புருசன்ரை முகத்தைத் தொட்டுக் கும்பிடுவா. அண்டைக்கும் குனிஞ்சா. அந்த இடத்துப் படத்தில ஒரு உபயகாரர் சிரிச்சுக்கொண்டு நிண்டார். அவ பதாகையின்ரை இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் விரலால தடவிக்கொண்டு போனா, திரும்பி வந்தா. கயிறோட நிண்ட என்னைப் பாத்து, சத்தம் போடாமல் கேட்டா: "அண்ணை, போன வருஷம் இவர் இந்த இடத்திலதானே நிண்டவர், எங்கை கொண்டுபோனியள்?"

வரலாற்றை மாத்தின ஆக்களின்ரை பட்டியலை ஆரும் எழுதினால், ஒரே அமத்தலில ஒம்பது பேரைக் காணாமல் ஆக்கினவன் எண்டு என்ரை பேரையும் மறக்காமல் சேருங்கோ, பதாகையை நானே அடிச்சுத்தாறன்.