லிவா மணலில் கேட்ட அழுகை

எங்கள் மகள் பிறந்த சில வாரங்களிலேயே இறந்துபோனாள். அதன்பின் அபுதாபி ஃப்ளாட்டில் நான் அழுதுகொண்டே இருந்தேன். என் கணவர் ஒருமுறைகூட அழவில்லை. ட்யூட்டிக்குப் போனார், வந்தார். லிவா பாலைவனத்தில் பல நாள் நடக்கும் ஒரு குழுவில் எங்கள் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

இரண்டாம் நாளே குதிகால் கொப்புளம் உடைந்து, என் ஷூவுக்குள் ரத்தம் கசிந்தது. ஒரு மணல்மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த கணவரைக் காணோம். பயந்துபோய் வந்த வழியே இறங்கினேன். சரிவுக்குப் பின்னால் குப்புறக் கிடந்து, மகளின் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்க..." என்று தோளைத் தொட்டேன்.

"வீட்டுல முடியல. நானும் அழுதா உன்னை யாரு பாத்துக்குவா? இங்க யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன்."

எங்களைத் தேடி வந்த வழிகாட்டி, வயதான ஓமான்காரர், தண்ணீர் பாட்டிலை எங்கள் பக்கத்தில் வைத்தார். மேட்டில் நின்ற மற்றவர்களைப் பார்த்து, "கலாஸ்!", போதும் என்று அரபியில் குரல் கொடுத்து, அன்றைய நடையை அங்கேயே முடித்துவிட்டார்.

மறுநாள் குழுவுக்குத் தண்ணீரும் கூடாரமும் ஏற்றிவந்த சாமான் வண்டியிலேயே நாங்கள் இருவரும் திரும்பிவிட்டோம். துக்கம் கொஞ்சமும் குறையவில்லை. இப்போதெல்லாம் சமையலறையில் நான் அழுதால், அவரும் பக்கத்தில் வந்து நின்று அழுகிறார். இருவரையும் தேற்ற இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.