குரிஹாராவின் பெயர்ப்பலகை

மசுயோவின் விடுதியில் அறை வேண்டுமென்றால் முதலில் அவள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லித் தீர வேண்டும். எத்தனை பேர், எந்த ரயில், பனிச்சறுக்கு பூட்ஸ் சொந்தமா வாடகையா, சொந்தம் என்றால் என்ன நிறம், எந்தச் சரிவில் சறுக்கப் போகிறீர்கள், சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். டோக்கியோக்காரர்கள் பாதிப் பேர் இதிலேயே அலுத்துப்போய், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஹோட்டலுக்கு ஓடிவிடுவார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அவளுக்குப் 'போலீஸ்காரி' என்று பெயர். அவள் காதுபடவே சொல்வோம். அவள் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மசுயோ என்றால் ஒரே கலகலப்பு. வருகிறவர்களின் ஈரக் கையுறையைப் பிடுங்கி அடுப்பின் மேல் காயப்போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். விருந்தாளி மறந்ததையெல்லாம் தானே செய்துவைப்பாள். அந்த நல்ல குணம்தான் அவளுக்கு வினையாக வந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

போன அக்டோபரில் ஒரு நாள். அவளும் புருஷன் ஷிகேஹருவும் ஜன்னல்களுக்குப் பனிக்காப்புப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன் அடித்தது. ஒரு இளம்பெண் குரல்.

"ஜனவரி இருபத்திநாலுலேருந்து மூணு ராத்திரி. நாலு பேர். நான் ஒரு லிஸ்ட் வச்சிருக்கேன், பொறுமையாக் கேப்பீங்களா?"

"எங்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும்மா. யாரோடது முதல்ல?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நாலு பேரும் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். ஒருத்திக்கு இறால் ஆகாது. இன்னொருத்தி முதல் தடவையாகச் சறுக்கப் போகிறாள், அவளுக்குச் சாதுவான சரிவு வேண்டும். எட்டே கால் ரயில், பத்து மணிக்கு ஸ்டேஷன், அங்கிருந்து பஸ். பஸ் தவறினால் என்ன, ரயில் பனியில் நின்றுபோனால் என்ன, எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு எழுதி வைத்திருந்தாள்.

"அப்புறம் ஒருத்தி குறட்டை விடுவா. அவளுக்குத் தனி ரூம் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"குறட்டைக்கெல்லாம் தனி ரூம் கிடையாது. பஞ்சு தர்றேன், காதுல வச்சுக்கோங்க. பேரைச் சொல்லும்மா."

"குரிஹாரா. குரிஹாரா ரிஹோ."

மசுயோவின் பேனா நின்றது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ," என்றாள் ரிஹோ. "எனக்கு உங்க குரல் ஞாபகம் இருக்கு. பன்னிரண்டு வருஷம் முன்னாடி, ராத்திரி எட்டரைக்கு ஒரு சின்னப் பொண்ணு போன் பண்ணி அப்பாகிட்டப் பேசணும்னு கேட்டா. 'அப்பா அசந்து தூங்குறாரு கண்ணு, எழுப்பட்டுமா'ன்னு கேட்டீங்க. அது நான்தான்."

மசுயோ பேனாவைக் கீழே வைத்தாள்.

"பயப்படாதீங்க, அழறதுக்கு வரலை. அம்மா இருந்தவரைக்கும் பனி இருக்கிற திசைக்கே என்னை விட்டதில்லை. ஏப்ரல்ல அவங்களும் போயிட்டாங்க. அந்த மலையை ஒருதடவை கண்ணால பாத்துடணும், அவ்வளவுதான். ஆமா, வாசல்ல அந்தப் பலகையெல்லாம் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"'ஒரு பலகையைத் திருப்பத் துப்பில்லாத மனுஷனைக் கட்டிக்கிட்டேனே'ன்னு அம்மா சொல்லாத நாளே கிடையாது. பள்ளிக்கூடத்துல நான் குடையை மறந்துட்டு வந்தாக்கூட, 'அப்பன் புத்தி எங்க போகும்'பாங்க. அதான் எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுறேன். அவரு மாதிரி ஆயிடக்கூடாது பாருங்க."

போனை வைத்த மசுயோ ஆணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பலகை விஷயம் இதுதான். எங்கள் ஊர் விடுதி வாசல்களில், தங்குகிறவர் ஒவ்வொருவர் பெயரிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை தொங்கும். மலைக்குப் போகும்போது சிவப்புப் பக்கம் தெரியத் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். லிஃப்ட் நின்று கால் மணி நேரத்தில், நாலே முக்காலுக்கு, மலை ரோந்து ஆபீஸிலிருந்து ஒவ்வொரு விடுதிக்கும் போன் வரும். எல்லாரும் வந்தாச்சா என்று கேட்பார்கள். ஒரு பலகை சிவப்பாக இருந்தாலும் போதும், ஆட்கள் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு.

ரிஹோவின் அப்பா குரிஹாரா அன்று தனியாக வந்திருந்தார். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மத்தியானம் அவருடைய நீல பூட்ஸின் கொக்கி உடைந்துபோக, விடுதிக்கு வந்து அதை உலர்த்தும் அறையில் வைத்துவிட்டு, வாடகைக் கடையில் வேறு ஜோடி எடுத்துக்கொண்டு மறுபடி மலைக்குப் போனார். மசுயோ அப்போது கடைத்தெருவில் இருந்தாள். வாடகைக் கடைக்காரர் சொல்லி அன்று ராத்திரிதான் அவளுக்கு இது தெரிந்தது. நாலரை மணிக்கு உலர்த்தும் அறையில் நீல பூட்ஸைப் பார்த்தாள். வாசலில் அவர் பலகை சிவப்பாக இருந்தது. மனுஷர் வந்துவிட்டார், திருப்பத்தான் மறந்துவிட்டார் என்று நினைத்து அவளே வெள்ளைக்குத் திருப்பினாள். விருந்தாளிகளுக்காக தினம் நாலு பலகையாவது திருப்புகிறவள்தானே. போன் வந்தது. "எல்லாரும் வந்தாச்சு," என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் இடம் காலியாக இருந்தது. பாவம், அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று மீனையும் குழம்பையும் மூடி வைத்தாள். எட்டரைக்கு மகள் போன் பண்ணியபோதுதான் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். படுக்கை மடித்தபடியே இருந்தது. ஆட்கள் இரண்டு மணி நேரத்தில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவது லிஃப்டுக்குப் பின்னால், ஓடைப் பள்ளத்தில், கால் முறிந்து கிடந்தார். உடம்பில் சூடு முழுக்கப் போயிருக்கவில்லை. உயிர் போய் அரை மணி நேரம்கூட இருக்காது என்றார் டாக்டர்.

மறுநாள் போலீஸ் வந்து, பலகை வெள்ளையாக இருந்தது எப்படி என்று கேட்டது. மசுயோ வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது.

"மத்தியானம் வந்தப்போ திருப்பியிருப்பாரு, மறுபடி போகும்போது மறந்திருப்பாரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. செத்த மனுஷன் மறுத்துப் பேசவா போகிறான்? அன்றைக்குப் பூட்டிய வாயை அவள் பன்னிரண்டு குளிர்காலம் திறக்கவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் ஷிகேஹரு.

ரிஹோ போன் பண்ணிய அன்று அவனிடம் சொன்னாள். "ஏங்க, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடலாம்னு பாக்குறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ஆறின புண்ணைக் கீறாதே. பொண்ணு ஏதோ சந்தோஷமா நாலு பேரோட வர்றா, வந்துட்டுப் போகட்டும்."

"யாரோட புண்ணுங்க ஆறியிருக்கு?"

அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நல்ல மனுஷன்தான். பெண்டாட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்தே அவளைப் பன்னிரண்டு வருஷம் அழுகவிட்டான்.

டிசம்பரில், கூரையில் முதல் பனி இடுப்பளவு ஏறியிருந்த நாளில், ரிஹோ மறுபடி கூப்பிட்டாள். சாதுவான சரிவில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்குமா, ரயிலுக்கு மதியச் சாப்பாடு கட்டித் தருவீர்களா என்று உற்சாகமாகக் கேட்டுக்கொண்டே போனாள். குறட்டைக்காரி, பஞ்சு விஷயத்தைச் சொன்னதும் கோபித்துக்கொண்டாளாம். மசுயோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இனியும் தள்ளினால் இந்த ஜன்மத்தில் முடியாது என்று தோன்றியது.

"கண்ணு, அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் கீழ வை. ஒண்ணு சொல்லணும். பலகையைத் திருப்பினது உங்க அப்பா இல்லை. நான்."

பூட்ஸ் கதையையும் போலீஸிடம் சொன்ன பொய்யையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ரிஹோ முதலில் கேட்டது அப்பாவைப் பற்றி.

"அப்போ அப்பா சிவப்புலதான் விட்டுட்டுப் போனாரா?"

"ஆமா."

"ரெண்டாவது தடவை போகும்போதும்?"

"ரெண்டாவது தடவையும் ஒழுங்காத் திருப்பிட்டுத்தான் போயிருக்காரு. அவரு எதையும் மறக்கலை."

ரிஹோ மூச்சை இழுப்பது கேட்டது. "சாகறதுக்கு முன்னாடி அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த மனுஷன் பக்கத்துல என்னை வைக்காதேன்னாங்க. குடும்பக் கல்லறையில இடம் இருந்தும் அவங்க அஸ்தியை வேற ஊர்ல, முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல கொண்டுபோய் வச்சேன். என் கையாலதான் வச்சேன். ஏப்ரலுக்கு முன்னாடி ஒரே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நீங்க?"

மசுயோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"நாலு பேர் இல்லை, ஒருத்தர்னு மாத்திக்கோங்க," என்றாள் ரிஹோ. "என் பலகையை நீங்க தொடக்கூடாது." போன் வைக்கப்பட்டது.

சொன்ன தேதியில் சொன்ன பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்த உயரமான பெண், அப்பாவின் அகன்ற நெற்றி. கையில் நீல நிற பூட்ஸ். மசுயோ குனிந்து வணங்கியபடியே நின்றாள். ரிஹோ பதிலுக்கு அளவாகத் தலையைத் தாழ்த்திவிட்டு மாடிக்குப் போனாள். இரண்டு நாள் அவள் பேசியதெல்லாம் "குழம்பு போதும்", "வெந்நீர் இருக்கா" என்பது மாதிரிதான். காலையில் பலகையைச் சிவப்பாக்குவாள். மாலை மூன்றரைக்கே வந்து வெள்ளையாக்குவாள். மசுயோ தூர நின்று பார்ப்பாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே கொட்டோ கொட்டென்று பனி கொட்டியது. எதிர்வீடு தெரியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரிஹோ பலகையைத் திருப்பிவிட்டுக் கிளம்பினாள். மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று. நாலரைக்கு மசுயோ உலர்த்தும் அறைக்குப் போனாள். அங்கே வரிசையில் நீல பூட்ஸ் நின்றிருந்தது.

வாசலுக்கு ஓடினாள். பலகை சிவப்பு. இந்தப் பெண் வந்துவிட்டாளா? வந்திருந்தால் திருப்பாமல் விடுகிறவளா? பலகையைத் தொட்டுவிடாமல் கையை இடுப்பில் கட்டியிருந்த துணிக்குள் சுருட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மாடிப்படி ஏறினாள். அறையில் யாரும் இல்லை. மடித்த படுக்கையின் மேல் ரிஹோவின் லிஸ்ட் இருந்தது. எல்லா வரியும் அடித்திருந்தது, கடைசி வரியைத் தவிர. அதில் 'நாலே முக்கால்' என்று மட்டும் எழுதியிருந்தாள். குளியலறையில் தேடினாள், சாப்பாட்டு அறையில் தேடினாள். போன் அடித்தது.

"போலீஸ்காரி அக்கா, எல்லாரும் வந்தாச்சா?" ரோந்து ஆபீஸில் ஓட்சுகா. அந்த ராத்திரி ஓடைப் பள்ளத்தில் இறங்கியவர்களில் அவனும் ஒருவன்.

"ஒருத்தர் வரலை," என்றாள் மசுயோ. "குரிஹாரா."

அவள் ரிசீவரை மேஜை மேலேயே போட்டுவிட்டு, கோட்டுகூட மாட்டாமல் வெளியே ஓடினாள். பேரைச் சொல்லிக் கத்தினாள். ஷிகேஹரு மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தெருப்பக்கம் ஓடினான். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு, முழங்காலளவு பனியில் விழுந்தெழுந்து, பின்புறக் கொட்டகைக்கு வந்தாள்.

கொட்டகைச் சுவரோரம், கவிழ்த்த வாளியின் மேல் ரிஹோ உட்கார்ந்திருந்தாள். தலையிலும் தோளிலும் பனி ஏறியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

"பன்னிரண்டு நிமிஷம்," என்றாள். "போன் அடிச்சதுலேருந்து எண்ணினேன்."

மசுயோ அவள் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். ரிஹோ தடுக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"இவ்வளவு நேரம்தான் ஆகுமா?" சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி கேட்டாள். "தேடணும்னு நினைச்சா இவ்வளவுதானா ஆகும்?"

"இவ்வளவுதான் கண்ணு."

ரிஹோ கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டாள். எழுந்து முன்னால் நடந்தாள். மசுயோ எட்டடி பின்னால் போனாள். வாசலில் ரிஹோ தன் பலகையை வெள்ளைக்குத் திருப்பினாள், நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தாள், மாடியேறிப் போய்விட்டாள்.

மேஜை மேல் கிடந்த ரிசீவரிலிருந்து ஓட்சுகாவின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. "அக்கா, ஆளுங்க கிளம்பிட்டாங்க. அக்கா, எல்லாரும் வந்தாச்சா, இல்லையா?"

'எல்லாரும் வந்தாச்சு' என்று திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "குரிஹாரா வந்தாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.