மீதி நாலு பேர்

கலைவாணன் சாருக்குக் கணக்கு என்றாலே ஆகாது. படாளத்தில் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். வெறுங்காலில் ஓடி மாவட்டப் போட்டியில் ஜெயித்து, அந்தத் தெம்பில் உடற்கல்வி படித்து, திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார் ஆனவர். விசில், வரிசை, அட்டென்ஷன். அவர் உலகம் அவ்வளவுதான். அதில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. வெயிலில் பிள்ளைகளை நிறுத்தினால் தானும் கூடவே நிற்கிற மனுஷன்.

எட்டாம் வகுப்புக் கணக்கு எடுக்கும் சுஜாதா டீச்சர் பிரசவத்துக்குப் போனதும், "புது ஆள் வர்ற வரைக்கும் சமாளிங்க" என்று ஹெட்மாஸ்டர் அந்த வகுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார். பாடம், வர்க்க எண்கள். முதல் நாள் கரும்பலகையில் 1, 4, 9, 16, 25 என்று எழுதி, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது என்று புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஐந்தின் வர்க்கம் என்னடா என்றால் பாதி வகுப்பு பத்து என்றது.

மறுநாள் அத்தனை பேரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். மொத்தம் இருபத்தொன்பது பேர். "வரிசைக்கு அஞ்சு பேரு, அஞ்சு வரிசை. முன்னாடிலேந்து எண்ணு, அஞ்சு. சைடுலேந்து எண்ணு, அஞ்சு. சதுரமா நிக்கிறீங்களா? மொத்தம் எத்தினி?" பத்து என்று சொன்ன பையனே இருபத்தஞ்சு என்று கத்தினான். நல்ல பாடம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நாலு பேர் மிஞ்சினார்கள். "நீங்க நாலு பேரும் மீதி. அந்தப் புங்க மரத்தடியில போய் நில்லுங்க" என்றார்.

அந்த நாலு பேர் யார் என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஷூ போட்டவர்கள் முன்னால், செருப்புப் போட்டவர்கள் பின்னால் என்பது அவர் டிரில்லில் போட்டிருந்த சட்டம். அதனால் பாடம் நடந்த அத்தனை நாளும் மரத்தடிக்குப் போனது செருப்புப் போட்ட அதே நாலு பேர். அதில் ஒருத்தி ஷாரோன். ஒருநாள் அங்கிருந்து அவள் கை தூக்கினாள். சார் சதுரத்தை நேராக்கும் மும்முரத்தில் இருந்தார். "மீதியெல்லாம் கம்முனு நில்லுங்க" என்றார். சதுரம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைக்கு ஒட்டிய பேர், பிறகு போகவே இல்லை. "மீதி வருது, வழி வுடு" என்று சாப்பாட்டு வேளையிலும் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் காலையில் ஷாரோனின் அம்மா விஜயகுமாரி கேட்டில் வந்து நின்றாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் மகள்.

"இன்னா சார் இது? எம்பொண்ண மீதின்னு கூப்புட்றானுங்களாமே. வூட்டுக்கு வந்து அழுதுகினே கீது. யாரு சார் வச்ச பேரு?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. "பசங்க வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க, நான் விசாரிக்கிறேன்மா" என்று வாய் கூசாமல் சொன்னார். ஷாரோன் தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் ஷாரோன் பள்ளிக்கு வரவில்லை.

அன்றும் சதுரம் நின்றது. மற்ற மூன்று பேரும் யாரும் சொல்லாமலே மரத்தடிக்குப் போனார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தன். அவன் பக்கத்தில் ஷாரோன் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு நின்றான். இத்தனை நாளும் அவர்கள் இப்படி இரண்டு இரண்டாகத்தான் நின்றார்களா? இரண்டுக்கு இரண்டு, நாலு. அதுவும் சதுரம்தானே! கரும்பலகையில் தன் கையாலேயே எழுதிய நாலு. வெறுங்காலோடு ஓடியவன் ஷூவைப் பார்த்துப் பிள்ளை பிரித்தேனே என்று கலைவாணன் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளி விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு விஜயகுமாரி வீட்டுக்குப் போனார்.

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. "அந்தப் பேர வச்சது நான்தாம்மா. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றார்.

விஜயகுமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாத்தியாரே இப்டி பண்ணா நாங்க யார்கிட்ட சார் போயி கேக்கறது?" என்றாள்.

ஷாரோனிடம் திரும்பி, "நீங்க நாலு பேரும் மீதியே இல்லம்மா. நாலும் வர்க்க எண்தான். எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது" என்றார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றாள் ஷாரோன். "அத்தச் சொல்லத்தான் கை தூக்குனேன்."

மறுநாள் அவள் வந்தாள். கலைவாணன் சார் வகுப்பு முன்னால் நின்று, பேர் வைத்தது தான்தான், தப்பும் தன்னுடையதுதான் என்று சொன்னார். இனி ஷூ, செருப்புப் பேச்சே கிடையாது, யார் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்றார். எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், ஷாரோன் நேராகப் புங்க மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, "இங்கயும் ஒரு சதுரம், இன்னும் மூணு பேரு வாங்க" என்று கை தூக்கினாள்.